மணலில் மட்டும் கொதிக்கும் ஜீப்

2017ஆம் ஆண்டு வரை தனுஷ்கோடியின் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள், ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பி முகுந்தராயர் சத்திரத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. அதற்கப்பால் மணல்தான். 1964 டிசம்பர் புயல் ஊரையும் ரயில் பாதையையும் கொண்டுபோன பிறகு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நிலத்தில் சாலை என்று ஒன்று இல்லை. ஜீப்புகளும் வேன்களும்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கரையோரத்து ஈர மணலிலும் சில இடங்களில் கடல் தண்ணீரிலும் இறங்கி ஏறிப் போய்வந்தன. பெரும்பாலும் வயதான டீசல் வண்டிகள்.

பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு புகார் தவறாமல் வரும். தண்ணீர் மாற்றியாயிற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டாயிற்று, வாட்டர் பம்ப் புதிது, ஹெட் கேஸ்கட்டும் மாற்றியாயிற்று. ராமநாதபுரம் வரை போய்வந்தால் ஒரு குறையும் இல்லை. மணலில் இறக்கினால் பத்தே நிமிடத்தில் வெப்பநிலை முள் சிவப்பைத் தொடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்தால் மறுபடி எல்லாம் சரியாக இருக்கிறது. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

கோளாறு தெரியாத பொருளில் ஒளிந்திருப்பதில்லை. சோதித்த இடம்தான் தப்பு. அதைப் புரிந்துகொள்ள, மணல் ஒரு எஞ்சினிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று முதலில் கணக்குப் போட வேண்டும்.

ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கான எதிர்ப்பு, வண்டியின் எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அந்த எதிர்ப்பைச் சமாளிக்க ஒன்றேகால் கிலோவாட் போதும். உதிரி மணலில் அதே எதிர்ப்பு எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை போகிறது. டயர் மணலுக்குள் அமிழ்ந்து, தனக்கு முன்னால் ஒரு மேட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டு, அதன் மேல் ஓயாமல் ஏறிக்கொண்டே இருப்பதால் வரும் எதிர்ப்பு அது. அதே 15 கி.மீ. வேகத்துக்கு இப்போது சக்கரத்தில் 20 கிலோவாட் வேண்டும். பதினாறு மடங்கு! ராமநாதபுரம் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றின் தடையையும் சேர்த்தே 10 கிலோவாட்டைத் தாண்டாது. அங்கே ரேடியேட்டர் மீது 60 கி.மீ. வேகக் காற்றும் வந்து மோதுகிறது. மணலில் வேலை இரண்டு மடங்கு, காற்று கால் பங்கு.

இதை வெப்பமாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. உதிரி மணலில் மணிக்கு 8 லிட்டர் எரிந்தால், 80 கிலோவாட் வெப்பம் வெளியாகிறது. இதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் வேலையாக மாற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. ஆக, 25 கிலோவாட்டுக்குக் குறையாத வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும். வீட்டில் வாளித் தண்ணீர் காய்ச்சும் ஒரு கிலோவாட் ஹீட்டர் கம்பிகள் இருபத்தைந்தை ஒரே தொட்டியில் போட்டு, அந்தத் தொட்டி கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது.

மகிந்திராவின் எம்எம் 540 போன்ற ஜீப்புகளில் வந்த பூஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சினை உதாரணமாகச் சொல்லலாம். 2112 சிசி, நான்கு சிலிண்டர், 62 குதிரைத்திறன். அதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள ஒரு சிறு அறையில் எரியத் தொடங்கி, ஒடுக்கமான வழியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. சத்தம் குறைவு, முரட்டுத்தனமும் குறைவு. ஆனால் அந்தச் சிறு அறையின் சுவர்கள் கூடுதல் வெப்பத்தைத் தண்ணீரில் இறக்குகின்றன. பிற்காலத்து நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களைவிட இந்தப் பழைய வகைக்கு ரேடியேட்டரின் தயவு அதிகம் வேண்டும்.

வெயில்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் காரணம் இல்லை. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை விடும் என்பது, தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. மதுரையில் 40 டிகிரி அடிக்கும் நாளில், 95 டிகிரித் தண்ணீருக்கு 55 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. அதே நாளில் கடல் சூழ்ந்த ராமேஸ்வரத்தில் 34 டிகிரி இருந்தால் வித்தியாசம் 61. மதுரையில் ஓடும் ரேடியேட்டர் ராமேஸ்வரத்தில் பத்து சதவீதம் சுகமாகவே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் வெயில்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு ஒரு கேள்வி: எப்போது சூடேறுகிறது?

நின்ற இடத்தில் ஐடிலிங்கில் சூடேறினால் உடனே கவலைப்பட வேண்டும். டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் மிகக் கொஞ்சம் எரிபொருளைத்தான் எடுத்துக்கொள்கிறது, காற்றை மட்டும் நிறைய இழுக்கிறது. நல்ல டீசல் வண்டி அரை மணி நேரம் நின்றாலும் முள் நகராது. அந்த நிலையிலேயே கொதிக்கிறதென்றால் தண்ணீர் சுற்றவே இல்லை, அல்லது கேஸ்கட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாதபோதே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சந்தேகம் கேஸ்கட் மேல்தான். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனைக் குழாய் ஒன்று உண்டு. அதில் இருக்கும் நீலத் திரவம் கரிவளி பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொன்னால் வண்டிக்காரர் சம்மதிக்கக் கூடாது.

நெடுஞ்சாலையில் வேகம் கூட்டினால் மட்டும் சூடேறினால், கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப் அதன் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஹோஸ் சப்பிவிடாமல் இருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். இந்தப் பக்கத்துத் தண்ணீரை வருடக் கணக்கில் ஊற்றினால் அந்தக் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தே போகும். நிற்கும்போது ஹோஸ் ஒழுங்காகத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் வாய் ஒட்டி மூடிக்கொள்ளும். போனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் எஞ்சினை ரேஸ் செய்ய, இன்னொருவர் ஹோஸைப் பார்த்துக்கொண்டே நின்றால்தான் இது பிடிபடும்.

மணலில் மட்டும் சூடேறுகிறதா? அங்கேயும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: போகும்போதா, வரும்போதா? தனுஷ்கோடி நிலம் ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், நிலத்தின் நுனியான அரிச்சல்முனைப் பக்கம் போகும் வண்டிக்குக் காற்று முதுகில் அடிக்கும். வண்டியின் வேகம் 20, காற்றின் வேகமும் 20 என்றால் ரேடியேட்டர் முகப்பில் காற்றே இல்லை. முழுப் பாரமும் ஃபேன் மேல் விழுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று எதிரே வந்து 40 கி.மீ. வேகத்தில் ரேடியேட்டருக்குள் புகும். போகும்போது கொதித்து, வரும்போது அடங்குகிற வண்டியில் தண்ணீர்ப் பக்கம் சரியாக இருக்கிறது, காற்றுப் பக்கம்தான் நோய் என்று காற்றே சொல்லிவிடுகிறது. வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிய காசு அங்கே வீண்.

காற்றுப் பக்கம் என்றால் முதலில் ஃபேன். பழைய ஜீப்பில் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே தண்டில், எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப பெல்ட்டால் சுற்றுகின்றன. மூன்றாம் கியரில் முக்கி முனகி மணலைக் கடக்கும் ஓட்டுநர், அதிக வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே ஃபேனையும் பம்பையும் மெதுவாகச் சுற்றவிடுகிறார். லோ கியரில் போட்டு எஞ்சினைச் சுதாரிப்பாகச் சுற்றவிட்டால், அதே மணலை அதே வேகத்தில் கடக்க ஏறக்குறைய அதே டீசல்தான் ஆகும். ஆனால் காற்றும் தண்ணீரும் இரண்டு மடங்கு ஓடும். டயர் காற்றைக் குறைத்துவிட்டால் டயர் அகலமாகப் படிந்து அமிழ்வது குறையும், எஞ்சின் செய்ய வேண்டிய வேலையே குறைந்துவிடும். ஒரு பைசா செலவில்லாத வைத்தியம் இவை இரண்டும். தார்ச்சாலை ஏறியதும் டயருக்குத் திரும்பக் காற்று நிரப்பியாக வேண்டும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் தகரக் கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உடைந்தால் பலர் எறிந்துவிடுகிறார்கள், அலங்காரம் என்று நினைப்பு. கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் தன் இறக்கைக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்திலிருந்து மட்டும் இழுத்து, மிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். நெடுஞ்சாலையில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

இனி இந்தக் கடற்கரைக்கே உரிய குற்றவாளிக்கு வருகிறேன். பாம்பன் பகுதியின் காற்று உலோகத்தைத் தின்பதில் பேர்போனது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் தன் ஆயுள் முழுவதும் துருவோடு போராடியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்துக்குத் தனிப் பூச்சுகள் தேவைப்பட்டன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உள்ளூரில் சிக்ரி, மண்டபம் முகாமில் சோதனைக் களம் வைத்து உலோகத் தகடுகளை இந்தக் காற்றில் காயப்போட்டு, அவை எவ்வளவு எடை இழக்கின்றன என்று அளந்திருக்கிறது. கடல் தெளிக்கும் நுண்துளிகள் உலோகத்தில் உப்புப் படலமாக ஒட்டுகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ராமேஸ்வரத்துக் காற்றில் அந்தப் படலம் முழுதாகக் காய்வதே இல்லை. ரேடியேட்டர் இரவு முழுவதும் நனைந்தே கிடக்கிறது.

பழைய ரேடியேட்டரில் தண்ணீர் போகும் பித்தளைக் குழாய்களுக்கு இடையே, காகிதத்தைவிட மெல்லிய செம்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக ஈயப் பற்றால் ஒட்டியிருக்கும். குழாயின் சூடு அந்தப் பற்றின் வழியாகத் தகட்டுக்குப் போய், தகட்டிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். உப்பு முதலில் தின்பது அந்தப் பற்றையும் தகட்டையும்தான். குழாய் தகட்டைவிடத் தடிப்பானது, அது அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாவதில்லை. ஆகவே தண்ணீர் ஒழுகாது, அடைப்பும் இருக்காது. ரேடியேட்டர் கடையில் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தண்ணீர் ஊற்றினால் சரசரவென்று ஓடும், நல்ல ரேடியேட்டர் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு தீக்குச்சி நுனியால் நடுப்பகுதித் தகடுகளை மெல்லத் தள்ளிப் பாருங்கள். நல்ல தகடு வளைந்து திரும்பி நிற்கும். செத்த தகடு நொறுங்கி, பச்சைத் தூளாக உள்ளங்கையில் விழும். குழாயோடு தொடர்பற்றுத் தொங்கும் தகடு வெப்பத்தைக் கடத்தாது. வெறும் குழாய்களை மட்டும் நம்பி ஓடுகிறது வண்டி. தார்ச்சாலையின் வெப்பத்துக்கு அது போதும், மணலுக்குப் போதாது.

கடல் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய்ப் புகையில் நுண்மணல் ஒட்டி, தகடுகளின் பின்பக்கம் களிம்பாக அப்பிக்கொள்வதும் உண்டு. முன்னால் நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஃபேன் பக்கமிருந்து விளக்கடித்துப் பார்த்தால்தான் வெளிச்சம் மறுபக்கம் வருகிறதா என்று தெரியும்.

தண்ணீர்ப் பக்கமும் இந்த மாவட்டத்தில் சும்மா விடாது. ராமநாதபுரத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் சுண்ணாம்புப் படிவாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டும். சிலிண்டர் சுவரும் ஹெட்டும்தான் அந்த இடங்கள். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறன் அந்தப் படிவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர் படிவு ஏறினால், சிலிண்டர் சுவரோடு இரண்டரை சென்டிமீட்டர் இரும்பைக் கூடுதலாகச் சேர்த்த கணக்கு. அதோடு, உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பு பிளாக், பித்தளை ரேடியேட்டர், அலுமினியக் கூடுகள் எல்லாம் ஒரே உப்புக் கரைசலில் நனைந்தால் அது ஒரு பேட்டரிதான். எளிதில் கரையும் உலோகம் கரைந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர் உறையாத நம் ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துக்காகத்தான் வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் மாதிரி பாதிக்குப் பாதி ஊற்ற வேண்டியதில்லை. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கூடினால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் தண்ணீரைவிடக் குறைந்துவிடும். 30 சதவீதம் கூலன்ட், மிச்சம் உப்பு நீக்கிய தண்ணீர். குடிநீர்க் கேன் தண்ணீர்கூட உவர்க் கிணற்றைவிட எவ்வளவோ மேல்.

இப்போது அளவைக்கு வருவோம். ஊகத்தில் பாகம் மாற்றுவதை நிறுத்தும் கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்ப்பது. அதில் ஒரு ஏமாற்று உண்டு: பளபளக்கும் பித்தளையை நோக்கிப் பிடித்தால் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மேல் டேங்கிலும் கீழ் டேங்கிலும் ஒட்டி, அந்த டேப்பில்தான் அளக்க வேண்டும். முதல் வேலை, டேஷ்போர்டு முள்ளோடு ஒப்பிடுவது. சென்சார் ஒயர் உரசி எஞ்சினைத் தொட்டாலே பல பழைய வண்டிகளில் முள் சிவப்புக்குப் போய்விடும், எஞ்சின் 85 டிகிரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

முள் பொய் சொல்லவில்லை என்றால், மணலில் சூடு ஏறிக்கொண்டிருக்கும்போதே மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் அளக்க வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளினால், 25 கிலோவாட் வெப்பத்தை விடும் தண்ணீர் ரேடியேட்டரைக் கடக்கையில் 6 டிகிரி குறையும். மேலே 102, கீழே 82 என்று 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், ரேடியேட்டர் நன்றாகவே குளிர்விக்கிறது, தண்ணீர்தான் போதுமான அளவு வரவில்லை. பம்ப், பெல்ட், ஹோஸ், அடைபட்ட குழாய் என்று அந்த வழியில் தேடலாம். மேலே 102, கீழே 100 என்றால் தண்ணீர் தாராளமாக ஓடுகிறது, ஆனால் வெப்பத்தை விட வழியில்லை. தகடுகள், ஃபேன், கூடு. ஒரே ஒரு கழித்தல் கணக்கு, சந்தேகப் பட்டியலைப் பாதியாக வெட்டிவிடுகிறது. உப்பு தின்ற ரேடியேட்டர்கள் இரண்டாவது கணக்கில்தான் அகப்படும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. 82 டிகிரி வாக்கில் திறக்கும் அந்த வால்வு, திறக்கும்போதே பல எஞ்சின்களில் பைபாஸ் குறுக்குவழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்விக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் கழற்றி, வெந்நீர்ச் சட்டியில் போட்டு, எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்த்துவிட்டு மாட்டுவதே முறை.

ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 7 பி.எஸ்.ஐ. மூடி நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் 111 டிகிரியில்தான் கொதிக்கும். அதன் ரப்பர் இறுகிப்போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும், எஞ்சினில் வேறு கோளாறே இல்லாதபோதும். கொதிக்கும் வண்டியின் மூடியைத் திறப்பது உயிரோடு விளையாடுவது. 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும், மூடி கழன்ற நொடியில் ஏறக்குறைய 30 லிட்டர் நீராவியைக் கக்கும். மணலில் கொதித்தால் காற்றுக்கு முகம் காட்டி வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். தண்ணீர் முழுவதும் வழிந்து போயிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

கடலோரம் ஓடும் வண்டிக்கு, ஓட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும் ரேடியேட்டரை ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாக நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்கட்டும், கார் வாஷ் பீச்சாங்குழல் தகடுகளை மடக்கிவிடும். குழாயும் தகடும் சேர்ந்த கோரை மாற்றும் நிலை வந்தால், தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே ஈயப் பற்று முழுதாகப் பிடித்திருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். மாற்றிய பிறகு சோதனை ஓட்டம் ராமநாதபுரம் சாலையில் வேண்டாம். இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாகிவிட்டது, அந்தச் சாலையிலும் வேண்டாம். வண்டி எங்கே கொதித்ததோ அதே போன்ற மணலில், அதே ஆள் சுமையோடு, காற்று முதுகில் அடிக்கும் திசையில், லோ கியரில் பதினைந்து நிமிடம் ஓட்டி, கறுப்பு டேப்பில் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேல் டேங்க் 95க்குக் கீழே நிலையாக நின்று, வித்தியாசம் ஆறேழு டிகிரியில் இருந்தால் ஒர்க்‌ஷாப் பில்லைக் கட்டலாம்.